பின்னட்டைச் சிரிப்பு

பல் செட் செய்யும் அந்தப் பட்டறையில் அவளுக்கு ராக்கெட் என்று பெயர். வேகத்தால் வந்த பெயரில்லை. மெழுகில் ஒரு வரிசைப் பல்லை நட்டு முடிக்க, மற்றவர்களைவிட இரண்டு மடங்கு நேரம் எடுத்துக்கொள்கிறவள் அவள். சாப்பாட்டு வேளையில் டிபன் டப்பாவின் மூடிமேல் ஒரு விஞ்ஞானக் கதைப் புத்தகத்தைச் சாய்த்து வைத்துக்கொண்டு, வேற்றுக் கிரகத்தில் யார் யாரைச் சுட்டார்கள் என்று பார்த்தபடியே சாப்பிடுவாள். அதைப் பார்த்துப் பார்த்துப் பாலிஷ் போடுகிற அக்கா வைத்த பெயர் அது. நாற்பதைத் தாண்டிய பிறகும் அது மாறவில்லை.

புத்தகம் எதுவானாலும் எழுத்தாளர் ஒருவர்தான். பள்ளிக்கூட நாளில் நூலகத்தில் முதல் சில பக்கங்கள் கிழிந்துபோன ஒரு புத்தகம் கையில் கிடைத்தது. கதை பாதி விண்வெளியில் தொடங்கியது. யார், எங்கே, எதற்கு என்று ஒன்றும் புரியாமல் படித்துக்கொண்டே போனவள் அப்படியே அவருக்கு அடிமையானாள். அந்தக் கிழிந்த பக்கங்களை வேறொரு பிரதியில் படித்துப் பார்த்தபோது, அவை இல்லாமலே கதை நன்றாகத்தான் இருந்தது என்று தோன்றியது. ஆனால் அப்படி நினைப்பதே துரோகம் என்று உடனே மனத்தை மாற்றிக்கொண்டாள்.

அவளும் எழுதுவாள். எழுதுவாள் என்று சொல்வது கொஞ்சம் அதிகம்தான். அவர் எழுதியதைப் பெயர் மாற்றி மறுபடி எழுதுவாள். அவருடைய தளபதி கப்பலின் கண்ணாடி அருகே நின்று இரண்டு நிலாக்களைப் பார்த்துப் பெருமூச்சு விடுவார். இவளுடைய தளபதியும் கண்ணாடி அருகே நிற்பார், பெருமூச்சும் விடுவார். சொந்தக் கற்பனை என்று ஏதாவது வேண்டுமே என்பதற்காக நிலாவை மட்டும் மூன்றாக்கியிருந்தாள். புலியைப் பார்த்துப் பூனை சூடு போட்டுக்கொண்ட கதை இது என்று அவளுக்கே தெரியும். ஆனாலும் சூடு நன்றாகப் பதிந்திருக்கிறது என்பதில் அவளுக்கு ஒரு பெருமை இருந்தது.

அவளுடைய கதைகளுக்கு ஒரே வாசகர் அவள் வீட்டுக்காரர். பேருந்து ஓட்டுநர். ஒவ்வொரு கதையையும் பொறுமையாகப் படித்துவிட்டு, "நல்லாருக்கு. போன கதை மாதிரியே இருக்கு" என்பார். அதை அவர் பாராட்டாகத்தான் சொன்னார். இவளும் பாராட்டாகத்தான் எடுத்துக்கொண்டாள். ஒரு பத்திரிகை ஆசிரியர் மட்டும் கதையைத் திருப்பி அனுப்பும்போது ஒரு வரி எழுதியிருந்தார்: "அவர் இன்னும் நலமாகத்தான் இருக்கிறார். அவர் கதையை அவரே எழுதிக்கொள்வார்." இதைக் கையில் பிடித்துக்கொண்டு, "பாத்தீங்களா, என்னை அவரோட சேத்து வெச்சுப் பேசறாங்க" என்று வீட்டுக்காரரிடம் குதித்தாள். அது குத்தல் என்பது பாத்திரம் கழுவிக்கொண்டிருக்கும்போது, ஒரு வாரம் கழித்து உறைத்தது.

இப்படியிருக்க, ஒரு நாள் பட்டறைக்கு வழக்கமாக வேலை அனுப்புகிற பல் மருத்துவமனையிலிருந்து ஒரு பெட்டி வந்தது. உள்ளே மேல்வாய் ஒன்று, கீழ்வாய் ஒன்று என இரண்டு பிளாஸ்டர் அச்சுகள். முழு செட். கூட இருந்த சீட்டில் அவருடைய பெயர்.

அதே பெயரில் வேறு யாராவது இருக்கலாம் என்று நினைத்து மருத்துவமனைக்கு ஃபோன் போட்டாள். வரவேற்பில் இருந்த பெண், "ஆமா, கதையெல்லாம் எழுதுவாராமே, அவர்தான். நாற்காலியில உக்காந்து முழுக்க முழுக்க கூரையையே பாத்துட்டு இருந்தாரு" என்றாள்.

அவள் அச்சைக் கையில் எடுத்துப் பார்த்தாள். பொக்கை வாய். எத்தனையோ வாய்களை இப்படிக் கையில் ஏந்தியிருக்கிறாள், இதை மட்டும் இரண்டு கையாலும் ஏந்தினாள். பாலிஷ் அக்கா எட்டிப் பார்த்து, "என்னடி, கோயில் விக்கிரகத்தைத் தூக்கற மாதிரி தூக்கறே, பல்லில்லாத ஈறுதானே" என்றாள். அந்த ஈறுக்குப் பின்னால்தான் அந்த வார்த்தைகளெல்லாம் இருந்தன என்று சொல்லலாமா என ராக்கெட் நினைத்தாள். சொன்னால் பட்டறை முழுக்கச் சிரிக்கும் என்று வாயை மூடிக்கொண்டாள்.

அந்த செட்டுக்கு அவள் எடுத்துக்கொண்ட நேரத்தைப் பற்றி முதலாளி பிறகு பல நாள் பேசினார். சாதாரணமாகச் செய்தால் போதும் என்று யாருக்கு மனம் வரும்? அவள் வீட்டில் அவருடைய புத்தகங்கள் எல்லாவற்றிலும் பின்னட்டையில் ஒரே படம்தான். அவர் இளமையாக, தலை சாய்த்து, முன்பல் இரண்டுக்கும் நடுவே ஒரு சின்ன இடைவெளி தெரியச் சிரித்துக்கொண்டிருப்பார். அந்தச் சிரிப்பைத் திருப்பிக் கொடுத்துவிடுவது என்று தீர்மானித்தாள். புத்தகத்தைப் பட்டறைக்கே கொண்டுவந்து மேசை விளக்கின் கீழ் நிற்க வைத்து, பல் பல்லாகப் பார்த்து நட்டாள். முன்பல் கொஞ்சம் பெரிது, கொஞ்சம் முன்னுக்கு, நடுவே அந்த இடைவெளி. முடிந்ததும் தானே மயங்கிப்போய்ப் பார்த்துக்கொண்டிருந்தாள். வாழ்க்கையில் தான் செய்த ஒரே கலைப்படைப்பு இதுதான் என்று தோன்றியது.

செட் போய்ச் சேர்ந்தது. கொஞ்ச நாள் கழித்து அவரே வந்து சேர்ந்தார்.

மருத்துவர் வெளியூர் போயிருந்ததால் நேராகப் பட்டறைக்கே போகச் சொல்லிவிட்டார்கள். வாயைக் கைக்குட்டையால் பொத்திக்கொண்டு ஒரு மெலிந்த கிழவர் வாசலில் நின்றார். பக்கத்தில் அவர் மனைவி, கையில் ஒரு துணிப்பை. பேச்செல்லாம் அந்த அம்மாள்தான்.

"இந்தப் பல்லைப் பண்ணினது யாரு?"

ராக்கெட் எழுந்து நின்றாள். அவரை நேரில் பார்த்தால் என்ன சொல்ல வேண்டும் என்று முப்பது வருஷமாக யோசித்து வைத்திருந்தாள். முதல் வாக்கியம், இரண்டாம் வாக்கியம், அவர் ஏதாவது கேட்டால் மூன்றாவது என்று எல்லாம் தயார். ஆனால் அவரைப் பார்த்ததும் வாயிலிருந்து வந்தது வேறு.

"வாயத் திறங்க சார்."

அவர் திறந்தார். பற்கள் அற்புதமாக இருந்தன. அவை இருந்த முகம்தான் பொருந்தவில்லை. ஒல்லியான கிழவர் முகத்தில் யாரோ ஒரு விற்பனைப் பிரதிநிதி உள்ளேயிருந்து எட்டிப் பார்த்துச் சிரிப்பதுபோல் இருந்தது.

"ஏதாவது பேசச் சொல்லுங்க அவரை" என்றாள் அம்மாள்.

அவர் தயங்கி, "சூரியன்" என்றார். விசில் அடித்தது. "சந்திரன்" என்றார். இன்னும் பெரிய விசில். சூரியன், சந்திரன், செவ்வாய், சனி என்று அந்த மனிதரின் பிழைப்பே அந்தச் 'ச' எழுத்தில்தான் இருந்தது. அவள் வைத்த இடைவெளி அத்தனையையும் விசிலாக்கியிருந்தது.

"அடுத்த மாசம் நூலகத்துல இவரு கதை வாசிக்கணும்" என்றாள் அம்மாள். "இப்படியே வாசிச்சா பிரஷர் குக்கர்னு நெனச்சு எல்லாரும் எந்திரிச்சுப் போயிடுவாங்க. எதுக்கும்மா நடுவுல சந்து விட்டீங்க?"

ராக்கெட் மேசையிலிருந்த புத்தகத்தை எடுத்துப் பின்னட்டையைத் திருப்பிக் காட்டினாள். "சாரோட சிரிப்பு இப்படித்தானே இருக்கும். அதான் அப்படியே..."

அம்மாள் படத்தைப் பார்த்தாள், கணவரைப் பார்த்தாள், பையைக் கீழே வைத்துவிட்டு நாற்காலியில் உட்கார்ந்து சிரிக்க ஆரம்பித்தாள்.

"அது இவரில்லம்மா. இவரு தம்பி. என் கொழுந்தனாரு. புத்தகம் போடறவங்க அவசரமா ஃபோட்டோ கேட்டாங்க. இவரு எந்த ஃபோட்டோவுல சிரிச்சிருக்காரு? எல்லாத்துலயும் பல்லு வலிக்கிற மாதிரியே இருப்பாரு. கொழுந்தனாரு தண்ணி மோட்டார் விக்கிறாரு, சிரிச்சாத்தான் அவருக்கு வியாபாரம். அவரு படத்தை அனுப்பிட்டேன். அப்புறம் மாத்த மறந்துட்டாங்க."

எழுத்தாளர் கைக்குட்டைக்குள்ளிருந்து, "எனக்குப் பாக்கறதுக்கு நல்லாத்தான் இருந்துது" என்றார். கண்ணாடியில் பார்க்கும்போது தம்பி வந்திருக்கிறான் என்று இரண்டு தரம் திடுக்கிட்டதாகவும் சொன்னார்.

முப்பது வருஷமாகத் தண்ணீர் மோட்டார் விற்பவரின் சிரிப்புக்கு உருகியிருக்கிறோம் என்ற உண்மையோடு ராக்கெட் உரசும் மெஷினைப் போட்டாள். வேறு வழியில்லாமல் முன்பற்களைப் பிரித்தெடுத்து, அந்த இடைவெளியை மூடி, உள்ளே தள்ளி நட்டாள். அவர் பக்கத்தில் உட்கார்ந்து, பல்லில்லாத வாயோடு, அவள் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்தச் சத்தத்தில் பேசினால் காதில் விழாது என்ற தைரியத்தில், "நானும் கதை எழுதுவேன் சார்" என்றாள். மெஷின் அந்த நொடியில்தானா நிற்க வேண்டும்? பட்டறை முழுக்கக் கேட்டது.

"இருக்கா?" என்றார் அவர்.

இருந்தது. அவள் பையில் எப்போதும் ஒரு கதை இருக்கும். பேட்டியில் படித்த அவருடைய வழக்கப்படியே தட்டச்சு செய்து, அவரைப்போலவே தலைப்பை நடுவில் வைத்து, அதன் கீழே அவரைப்போலவே ஒரு சின்ன வட்டம் வரைந்தது. தன் பெயரை மட்டும் கடைசித் தாளின் பின்பக்கம், பென்சிலால், எறும்பு ஊர்வதுபோல் எழுதியிருந்தாள். அடக்கம் என்று நினைத்துச் செய்தது. அம்மாள் வாங்கிப் பையில் போட்டுக்கொண்டாள். புதுப் பல்லோடு அவர் "சரி" என்றார். விசில் இல்லை. அந்த "சரி" பல்லுக்கா கதைக்கா என்று ராக்கெட் வெகு நாள் யோசித்தாள்.

வாசிப்பு நாளன்று நூலகத்தின் மாடி அறை நிறைந்திருந்தது. ராக்கெட்டும் வீட்டுக்காரரும் கடைசி வரிசைக்கு முந்தின வரிசையில் உட்கார்ந்தார்கள். வீட்டுக்காரர் வேலை முடிந்து நேராக வந்திருந்தார், சீருடைகூட மாற்றவில்லை. எழுத்தாளர் மேடைக்கு வந்தார். முகத்தில் ஒரு தெளிச்சி, நடையில் ஒரு துள்ளல். அச்சில் வராத கதை ஒன்று, மேசையில் கிடந்தது, போன வாரம்தான் கண்ணில் பட்டது, எப்போது எழுதினேன் என்றே நினைவில்லை, முதல் பக்கத்துக்கு மேல் பார்க்கவும் இல்லை, மீதியை உங்களோடு சேர்ந்துதான் படிக்கப் போகிறேன், ஆனால் எழுதியிருக்கிறேன், என்றார். கடைசிச் சொற்களை ஒரு மாதிரி அழுத்திச் சொன்னார்.

தளபதி கண்ணாடி அருகே நின்றார். மூன்று நிலாக்களைப் பார்த்துப் பெருமூச்சு விட்டார்.

வீட்டுக்காரர் அவள் பக்கம் குனிந்தார். "இது உன் கதை இல்ல?"

"சும்மா இருங்க."

"மூணு நிலாவாச்சே. உன்னோடதுதான்."

அவள் அவர் முழங்கையைப் பிடித்து அழுத்தினாள். எழுத்தாளர் வாயால், அவள் நட்ட பல்லால், அவள் வரிகள். இதற்கு மேல் ஒரு ரசிகைக்கு என்ன வேண்டும்? கரும்பு தின்னக் கூலி கொடுத்த மாதிரி இருந்தது. அப்போது பின்னாலிருந்து ஒரு குரல் கிசுகிசுத்தது: "இதையே எத்தனை தடவதான் எழுதுவாரு?" இன்னொரு குரல், "வயசாயிடுச்சில்ல, விடு" என்றது. அவருக்காக வெகுண்டு திரும்பி முறைத்தாள். முறைத்துக்கொண்டிருக்கும்போதே, அந்தச் சலிப்பு யாருக்குச் சேர வேண்டியது என்பது நினைவுக்கு வந்தது. மெதுவாகத் திரும்பி நேராக உட்கார்ந்தாள். அறையில் யாரோ கொட்டாவி விட்டார்கள். அவளுக்கே கொட்டாவி வந்தது. தன் கதைக்குத் தானே கொட்டாவி விட்டவள் உலகத்தில் வேறு யாராவது உண்டா என்று தெரியவில்லை.

கதையில் தளபதி புதிய கிரகத்தில் இறங்கினார். இறங்கியதும் அவருக்குப் பல்வலி வந்தது. அதை எழுதும்போது ராக்கெட் எதையும் யோசிக்கவில்லை. அன்று பட்டறையில் ஒருவர் கன்னம் வீங்கி வந்திருந்தார், அவ்வளவுதான். விண்வெளி உடைக்குள் பல்வலி. கன்னத்தில் கை வைக்க முடியவில்லை, கண்ணாடிக் கவசம் தடுக்கிறது. நாக்கு வலிக்கிற இடத்துக்கே போய்ப் போய்த் தடவுகிறது. கப்பல் மருத்துவருக்கு இதயம் தெரியும், மூளை தெரியும், கடைவாய்ப் பல் தெரியாது. மனித குலத்தின் சார்பில் அந்த மண்ணில் நின்று தளபதி பேச வேண்டிய வீர உரை, இடது பக்கமாகக் கோணிக்கொண்டு வருகிறது.

முன்வரிசையில் ஒருவர் சிரித்தார். பிறகு இரண்டு பேர். பின்னாலிருந்த குரல்கூடச் சிரித்தது. எழுத்தாளர் வாசிப்பதை நிறுத்தினார்.

தாளை விளக்குக்கு அருகே பிடித்துப் பார்த்தார். முந்தைய பக்கத்தைத் திருப்பினார். மறுபடி இந்தப் பக்கத்தைப் பார்த்தார்.

"மன்னிக்கணும்" என்றார். "இது நான் எழுதினதில்ல."

மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார்.

"இவ்வளவு நேரம் நான்தான்னு நெனச்சு வாசிச்சேன். ஆனா நான் எழுதின எந்தப் புத்தகத்துலயும் ஒருத்தனுக்குக்கூடப் பல்லு வலிச்சதில்ல. எனக்கு அது தோணினதே இல்ல." தாள்களை மெல்ல மேசைமேல் வைத்தார். "இது யாரோடது?"

ராக்கெட் நாற்காலியில் சறுக்கி, முன் நாற்காலியின் முதுகுக்குப் பின்னால் மறைந்தாள். வீட்டுக்காரர் எழுந்து நின்றார். ஓடுகிற வண்டியில் கடைசி இருக்கை வரைக்கும் கேட்க வைத்துப் பழகிய குரல் அவருடையது.

"என் வீட்டம்மாவுதுங்க. இதோ கீழ இருக்கா."

எல்லாத் தலையும் திரும்பியது. சில பேர் கை தட்டினார்கள். எதற்கு என்று அவர்களுக்கும் தெரிந்திருக்காது. அவள் எழுந்து, சேலைத் தலைப்பைச் சரிசெய்து, பட்டறையில் யாராவது வந்தால் சொல்வதுபோல், "வணக்கம்" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தாள்.

கூட்டம் கலைந்த பிறகு அம்மாள் ஓடி வந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். "தப்பு என்னோடதும்மா. அவரு மேசை மேல வெச்சேன், சொல்ல மறந்துட்டேன். அவரு காகிதத்தோட காகிதமா கலந்துடுச்சு." எழுத்தாளர் ஒரு நாற்காலியில் தனியாக உட்கார்ந்திருந்தார். மேடையில் ஏறும்போது இருந்த தெளிச்சி இப்போது இல்லை.

"சார், நீங்க வாசிச்சதே எனக்குப் பெரிய பாக்கியம்" என்று ஆரம்பித்தாள். தயார் செய்து வைத்திருந்த வாக்கியங்களில் அது இரண்டாவது.

"அதை விடுங்க" என்றார். "ரொம்ப நாளா எனக்கு ஒரு வரியும் வரல. மூணு வருஷம் இருக்கும். மேசைக்கு முன்னால உக்காருவேன், எந்திரிப்பேன். போன வாரம் இது கண்ணுல பட்டுது. பரவால்ல, நமக்கு இன்னும் வருதுன்னு நெனச்சேன். இந்த ஒரு வாரமா எழுதறவன் மாதிரி நடந்துட்டு இருந்தேன்." புதுப் பல்லை நாக்கால் தடவிப் பார்த்துக்கொண்டார். "நல்லா இருந்துது அந்த ஒரு வாரம்."

அவருக்குச் சிரிப்பைத் திருப்பிக் கொடுக்கப் போய்த் தம்பியின் பல்லைக் கொடுத்தாள். கதையைக் கொடுக்கப் போய் அவருடைய ஒரு வாரத்தைப் பிடுங்கிவிட்டாள். பக்தி என்பது இவ்வளவு சேதம் செய்யும் என்று அவளுக்குத் தெரியாது.

"அந்த ஆளுக்கு அப்புறம் என்ன ஆச்சு? பல்லு?" என்று கேட்டார்.

"அப்புறம் ஒண்ணும் இல்ல சார். வலி தானா நின்னுடும். திரும்ப நிலாவப் பாப்பாரு."

"தானா நின்னுடுமா?" அவர் முதல் தடவையாக அவளை முறைத்துப் பார்த்தார். "பல்லுவலி தானா நிக்குமா? நீங்களே சொல்லுங்க."

"நிக்காது சார்."

"பின்ன ஏன் நிறுத்தினீங்க?"

அவருடைய கதைகளில் கடைசியில் எல்லாம் சரியாகி, தளபதி நிலாவைத்தான் பார்ப்பார், அதனால்தான், என்று அவள் சொல்லவில்லை. அவருக்கு அதைச் சொல்லித் தெரிய வேண்டியதும் இல்லை. அம்மாள்தான் நடுவில் புகுந்து, "போதும், கதவைச் சாத்தணும்னு காவலாளி நிக்கிறாரு" என்று இருவரையும் கிளப்பினாள்.

அடுத்த சில வாரங்கள் ராக்கெட் சாப்பாட்டு வேளையில் படிக்கவில்லை. எழுதினாள். நெடுந்தூரம் போகிற கப்பல் ஒன்று, அதில் பல் செட் செய்கிற ஒரு பெண். எடையில்லாத இடத்தில் எல்லோருடைய ஈறும் கொஞ்சம் கொஞ்சமாகச் சுருங்குகிறது, செட்டெல்லாம் கழன்று கப்பலுக்குள் மிதக்கிறது. தளபதியின் செட்டும் மிதக்கிறது. அதைத் துரத்திப் பிடிப்பது யார், பிடித்தாலும் அதை அவரிடம் கொடுக்கும்போது எங்கே பார்ப்பது? பழைய கதைகள் தண்ணீர்போல் ஓடிவரும், ஏற்கெனவே யாரோ வெட்டி வைத்த வாய்க்கால். இது வரி வரியாக மல்லுக்கு நின்றது. பெருமூச்சு விடக்கூட அதில் யாருக்கும் நேரமில்லை.

பாலிஷ் அக்காவிடம் வாசித்துக் காட்டினாள். அக்கா எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "அது சரி, எடையே இல்லாத எடத்துல மெழுகை எப்படி உருக்குவா? சொட்டு கீழ விழாதே" என்றாள். ராக்கெட்டுக்குத் தெரியவில்லை. நூலகத்துக்குப் போய் அவளுக்குப் புரியாத புத்தகங்களைப் புரட்டி, முக்கால்வாசி புரியாமலே திரும்பி வந்து, மெழுகு உருண்டையாக மிதக்கும் என்று எழுதினாள். அந்த உருண்டையைப் பற்றி எழுதிய பத்திதான் கதையிலேயே அவளுக்குப் பிடித்திருந்தது.

வீட்டுக்காரர் படித்தார். தாள்களைத் திருப்பி மறுபடி முதல் பக்கத்தைப் பார்த்தார். "போன கதை மாதிரி இல்லையே" என்றார் கவலையோடு.

ஒரு சின்னப் பத்திரிகை அதை வெளியிட்டது. அவள் பெயரில் ஓர் எழுத்தை விழுங்கியிருந்தார்கள். கதையில் ராக்கெட் கிளம்புகிற காட்சியே கிடையாது, ஆனாலும் மேலே புகை கக்கிக்கொண்டு ஒரு ராக்கெட் படம். பட்டறையில் அதைச் சுவரில் ஒட்டினார்கள், உன் ஃபோட்டோ போட்டிருக்காங்கடி என்றாள் அக்கா.

எழுத்தாளருக்கு ஒரு பிரதி அனுப்பிவிட்டுக் காத்திருந்தாள். பதில் இல்லை. மனம் கேட்காமல் ஒரு மதியம் பட்டறையிலிருந்து ஃபோன் போட்டாள். அம்மாள்தான் எடுத்தாள்.

"படிச்சாரும்மா. ரெண்டு தடவ படிச்சாரு. அப்புறம் கோபமா உள்ள போனாரு, என்னமோ தன்னோட எடத்துல யாரோ வந்து உக்காந்துட்ட மாதிரி. மறுநாள்லேருந்து எழுதிட்டு இருக்காரு."

"என்ன எழுதறாரு?"

"யாருக்குத் தெரியும்? சாப்பிடக் கூப்பிட்டாக் கடிக்க வர்றாரு. நீங்க பண்ணிக் குடுத்த பல்லு வேற, கெட்டியா இருக்கு."

"ஒரு நிமிஷம் பேசலாமாம்மா? நான் அடுத்தது ஒண்ணு எழுதறேன், நடுவுல முட்டிக்கிட்டு நிக்குது. சார்கிட்ட கேக்கலாம்னு..."

ரிசீவரைக் கீழே வைக்கும் சத்தம், நடந்து போகும் சத்தம், கதவு தட்டும் சத்தம், ஒரு சின்ன உறுமல். அம்மாள் திரும்பி வந்தாள்.

"உங்களோடது முட்டினா நீங்களே பாத்துக்கணுமாம். அவரோடது இப்பத்தான் நகருதாம். தப்பா எடுத்துக்காதீங்கம்மா. உங்கள மாதிரி ஆளுங்களக் கட்டிக்கிட்டவங்க பாவம்."

ராக்கெட் ஃபோனை வைத்தாள். கொஞ்சம் சுருக்கென்றுதான் இருந்தது. முப்பது வருஷம் அவருக்காக நேரம் ஒதுக்கியவளுக்கு அவர் ஒரு நிமிஷம் ஒதுக்கக்கூடாதா? அடுப்பில் மெழுகு புகைகிறது என்று பாலிஷ் அக்கா கத்தினாள். ஓடிப்போய் அணைத்து, கருகியதைக் கொட்டி, புது மெழுகை உருக்கி, யாரோ ஒரு பள்ளி ஆசிரியையின் கீழ்வரிசையை நட ஆரம்பித்தாள். சாயங்காலம் பேருந்தில் ஒரு பத்தி எழுதினாள். காலையில் பார்த்தபோது அதில் பாதியை அடிக்க வேண்டியிருந்தது. மீதி பரவாயில்லை என்று பட்டது.